ஒன்பதாயிரம் பிளாக்கில் ஒரு முகம்

எழில்மொழிக்குத் தன்னடக்கம் என்பதே கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினான்கு வருடமாக இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவள் உள்ளே பிளானர். நான் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பரையும் பெட்டி நம்பரையும் சரிபார்க்கிறவள். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில், எதன் தலைமேல் உட்கார வேண்டும் என்று அவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பாள். கிரேன்காரர்கள் அப்படியே தூக்கி வைப்பார்கள். "நான் போட்ற கட்டம் தப்பாவாது ரூஹி" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் சொல்லிவிடுவாள். தப்பானதும் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

ஒரு வருடம் யார்டில் காலிப் பெட்டிகள் ஏகத்துக்குச் சேர்ந்துவிட்டன. கிரேன் மேலே இருந்த ரஞ்சித் வாக்கிடாக்கியில், "அக்கா, கீழ நீலப் பெட்டியெல்லாம் சேந்து 'எ'ன்னு எய்தின மாரி கீது. எனக்கு மட்டுந்தான் அப்டி தெரிதா?" என்று கேட்டான். மேனேஜர் விளக்கம் கேட்டு மெயில் அனுப்பினார். அதற்கு இவள் அனுப்பிய பதில் எனக்கு மனப்பாடம்: 'எல்லாப் பெட்டிகளும் அவற்றுக்குரிய இடத்தில்தான் உள்ளன. எழுத்து தற்செயலானது.' மேனேஜர் வெயிலில் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். ஒரு பெட்டிகூட இடம் மாறியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

இந்தத் திமிருக்கு யார்டு போதவில்லை. அதனால்தான் பொம்மை பிளாக்கில் முகம் செய்யக் கிளம்பினாள் என்பது என் கட்சி. பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி வீடு கட்டி விளையாடுகிற பிளாஸ்டிக் பிளாக் எல்லோருக்கும் தெரியும். அதிலேயே சுண்டுவிரல் நகம் அளவுக்கு, தலையில் ஒரே ஒரு குமிழுடன் சின்னது ஒன்று உண்டு. தொண்ணூற்றாறு வரிசை, வரிசைக்குத் தொண்ணூற்றாறு பிளாக். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தை நிறம் பார்த்துப் பலகையில் அழுத்தினால் உங்கள் போட்டோ வந்துவிடும். கிட்டே நின்றால் வெறும் புள்ளிகள்தான். பத்தடி தள்ளிப் போனால் ஆள் நிற்பார்.

தொடங்கியது அவளுடைய அப்பா எத்திராஜ் இறந்தபோது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். நல்ல கறுப்பு, அதில் வெற்றிலைச் சிவப்பு உதடு, அட்டகாசமான மனிதர். படத்தைப் பெரிதாக்கக் கொடுத்த ஸ்டுடியோவில், வழக்கம்போல, முகத்தைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். நம்மூரில் ஸ்டுடியோவுக்குள் போகிறவன் எந்த நிறத்தில் போனாலும் வெளியே வரும்போது ஒரே நிறம்தானே. ஃப்ரேமைப் பார்த்ததும் எழில் கத்தினாள். "எங்க நைனா எந்தக் காலத்துல இப்டி ரோஸா இருந்தாரு? சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாரி பண்ணி வெச்சிருக்கானுங்க."

அந்தச் சமயத்தில்தான் யாரோ இறக்குமதி செய்து எடுக்காமல் விட்டுப்போன ஒரு பெட்டிச் சரக்கு ஏலத்துக்குப் போனது. உள்ளே முழுக்க இந்த ஒற்றைக் குமிழ் பிளாக். ஏலத்தில் எடுத்த பர்மா பஜார் கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எழில் நான்கு மூட்டை வாங்கி வியாசர்பாடி வீட்டில் இறக்கினாள். அவள் வீட்டுக்காரர் அறிவு, மாநகரப் பேருந்தில் கண்டக்டர், மூட்டைகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திக் கொடுத்தார். புத்திசாலி.

போட்டோவைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று பிரித்துத் தரும் செயலி ஒன்றை போனில் ஏற்றினாள். அதுவும் ஸ்டுடியோக்காரன் வேலையையே செய்தது. முகம் என்று தெரிந்தால் போதும், பிஸ்கட் நிறத்தைக் கொண்டுவந்து கொட்டியது. அவள் அதைத் தள்ளிவிட்டுக் கையால் கட்டம் போட்டாள். துருப்பிடித்த பழுப்பு, எங்கள் யார்டில் பாதிப் பெட்டிகளுக்கு இருக்கிற நிறம். கன்னத்தில் அடர் சிவப்பு. கண்ணுக்குக் கீழே, யாரும் நினைக்காத கருநீலம். மூன்று மாதம் ஆனது. முடித்துச் சுவரில் சாய்த்தபோது அவளுடைய அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்போதான் ஷிப்ட் முடிச்சிட்டு வந்த மாரி கீறாரு" என்றார். எழில் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கெங்கிருந்தோ. நான் வண்ணாரப்பேட்டையிலிருந்து சனிக்கிழமைதோறும் போய் நிறம் பிரித்துக் கொடுப்பேன். எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "அப்படியே போடுங்க." ஆனால் கொண்டுவருவது ஸ்டுடியோவில் வெளுத்த படமாக இருக்கும், இல்லையென்றால் போனே தானாக வெளுத்த படமாக இருக்கும். அதனால் எழில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தப் படம் வந்தாலும் முகத்தை இரண்டு படி கறுப்பாக்குவது. அதற்கு அவள் வைத்த பெயர் பவுடரைத் துடைக்கிறது. ராயபுரத்திலிருந்து வந்த ஹென்றி என்ற மாப்பிள்ளைப் பையன் மட்டும் சண்டைக்கு வந்தான். "உன்ன கட்டிக்கப் போற பொண்ணு உன்ன நேர்ல பாத்துகீதா?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறாள் என்றான். "அப்புறம் யார ஏமாத்த இவ்ளோ பேஜாரு?" என்றாள். அவன் கறுப்பாகவே வாங்கிக்கொண்டு போனான். கல்யாண மேடையில் அதைத்தான் வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

போன வருடம் லோகநாதன் வந்தார். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். காலையில் டோல்கேட்டில் அவருடைய கம்பெனி பஸ்ஸும் எங்கள் பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் நிற்கும். பல வருடமாகப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம். அன்றைக்குப் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"எயிலு, எங்க வூட்டுக்காரம்மாவ ஒரு படம் செஞ்சி குடும்மா."

போனில் ஒரு பெண் எண்ணூர்க் கடற்கரையில் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நேர் வெயில். ஐம்பது வயது இருக்கும்.

"பேரு சொக்கம்மாள். பதினோரு வருசமா போட்டோன்னா எய்ந்து போயிடுவா. சொந்தத் தங்கச்சி பொண்ணு கல்யாண ஆல்பத்துல தேடிப் பாரு, ஒரு பக்கத்துலயும் இருக்க மாட்டா. போன மாசம் இன்னா தோணுச்சோ, எங்க பொண்ணு ஷாலு எடுக்கறேன்னதும் நின்னுட்டா. புது வூடு வந்துகீது, பால் காய்ச்சறோம். இத ஹால்ல மாட்டலாமான்னு கேட்டேன். ம்-ன்னா." அவர் அந்த 'ம்'மைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "இது மட்டும் சரியா வரலன்னா இன்னொரு தபா ஒத்துக்க மாட்டா. எனக்குத் தெரியும். நீ அப்டியே போட்டுடு."

"நான் போட்டா சரியாத்தான் வரும்" என்றாள் எழில்.

அவர் ஒன்றைச் சொல்லவில்லை. அப்போது எங்களுக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களை ஏமாற்றி எனக்கு என்ன ஆகப்போகிறது. சொக்கம்மாளுக்கு முகத்தில் வெண்புள்ளிகள் இருந்தன. வலியில்லை, தொற்றாது, தோல் தன் நிறத்தை இழப்பது, அவ்வளவுதான். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயரை நான் எழுத மாட்டேன். அந்தப் பெயரைக் காதில் வாங்கிய நாளிலிருந்துதான் அந்தம்மா கேமரா பக்கம் வரவில்லை. லோகநாதன் ஏன் சொல்லவில்லை என்றால், அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. மனைவியின் முகம் மனைவியின் முகம்.

சனிக்கிழமை நானும் எழிலும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே வெளுப்பு, வாயோரம் வெளுப்பு. விளிம்பெல்லாம் வெயிலில் கரைந்திருந்தது. முதலில் வாயைத் திறந்தது நான்தான், அந்தப் பழியை முழுக்க அவள்மேல் போடக் கூடாது. "பவுடர் டப்பாவயே கவுத்துக்கினு பீச்சுக்குப் போயிருக்காங்க. வேர்வைல திட்டுத் திட்டா நிக்குது பாரு" என்றேன்.

"பாவம்டி" என்றாள் எழில். "பதினோரு வருசம் போட்டோவுக்கு நிக்காதவங்க, கறுப்பா தெரிவோமேன்னு பூசிக்கினு போயிருக்காங்க. எவ்ளோ அயகான நெறம் தெரியுமா இது? நான் காட்றேன் அவங்களுக்கு."

காட்டினாள். செயலி கொடுத்த கட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வெளிர்நிறப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி, ஒன்று விடாமல் துடைத்தாள். அந்த இடமெல்லாம் பழுப்பும் அடர் சிவப்புமாக நிரம்பியது. அவள் செய்ததிலேயே இதுதான் உசத்தி என்று நானே சொன்னேன். அவள் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பால் காய்ச்சுகிற தேதிக்குள் பலகை முடிந்துவிட்டது. ஞாயிறு காலை பால் காய்ச்சுவது. சனிக்கிழமை மதியமே மாட்டிவிடலாம் என்று பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். இரண்டரை அடிச் சதுரம், நல்ல கனம். வியாசர்பாடியிலிருந்து புளியந்தோப்புக்கு ஷேர் ஆட்டோவில் நான்கு பேர் மடிமேல் படுத்த மாதிரி வந்தது. பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாமா இது, கதவா?" என்று கேட்டார். எழில் துணியை விலக்கிக் காட்டினாள், காட்டாமல் இருப்பாளா. அந்தம்மா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "யாரோ நல்ல மவராசி" என்றார். இறங்குகிற வரை எழில் முகத்தில் அந்தச் சிரிப்பு போகவில்லை.

பழைய குடியிருப்பை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் ஆறாவது மாடி. வீட்டில் இன்னும் சாமான் வரவில்லை, பெயின்ட் வாசனைதான் இருந்தது. ஷாலு வேலைக்குப் போயிருந்தாள். லோகநாதன் ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார். பலகையை மாட்டிவிட்டுத் துணியை எடுத்தோம். அவர் பார்த்தார். உடனே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்த சொக்கம்மாள் புடவையை இடுப்பில் செருகியபடி வந்து நின்றார்.

அப்போதுதான் அவரை நேரில் பார்த்தோம். வேலை செய்த வேர்வை முகத்தைக் கழுவிவிட்டிருந்தது. கண்ணுக்குக் கீழேயும் வாயோரத்திலும் இருந்தது பவுடர் இல்லை. எழில் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை.

சொக்கம்மாள் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "நல்லாக்கீது மா. கல்யாணத்தப்போ இப்டித்தான் இருந்தேன்" என்றார். கோபமே இல்லை. "எல்லாத்தயும் சரி பண்ணிட்ட. இருக்கட்டும், வர்றவங்க பாத்தா சந்தோசப்படுவாங்க." சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது.

"அப்டியே போடுன்னு சொன்னனே எயிலு" என்றார் லோகநாதன்.

எழில் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டுடியோக்காரன் அவள் அப்பாவுக்குச் செய்ததை அவள் இந்தம்மாவுக்குச் செய்திருந்தாள். அவன் வெள்ளையால் செய்தான், இவள் கறுப்பால் செய்தாள், வித்தியாசம் அவ்வளவுதான். அது அவளுக்கு உறைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சமாளிப்பாள் என்று நினைத்தேன், வெயில் மேல் பழி போடுவாள், போன் மேல் போடுவாள். அவள் போடவில்லை.

"தப்பு என்னுது அண்ணா. நீங்க சொன்னத நான் காதுல வாங்கல." பலகையை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் கிடத்தினாள். ரிப்பேருக்கு என்று எப்போதும் கொண்டுவரும் பிளாக் டப்பாவையும் பழைய இரும்பு ஸ்கேலையும் பையிலிருந்து எடுத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, வந்து எதிர்ல உக்காருங்க. பாத்துப் பாத்து மாத்திட்றேன்" என்றாள்.

"வேணாம்மா. வேலை கீது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "அதுவே இருக்கட்டும். வுட்டுடு."

அந்த 'வுட்டுடு'வில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இனி அவர் எந்தப் போட்டோவுக்கும் நிற்க மாட்டார். போனில் இருந்த படமோ இதற்கு உதவாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் தெரியாது.

லோகநாதன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பலகை எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றேன். நீ வை" என்றார்.

"நீங்களா?"

"மொத மொத வந்தது இடது கண்ணுக்குக் கீழ. மொளகு சைசுல. வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம். இப்போ மூக்கு வரிக்கும் வந்துகீது. மூக்க தாண்டல."

எழில் ஸ்கேல் முனையைக் கொடுத்து பிளாக்குகளை நெம்பினாள். பழுப்பு போய் வெளிர் நிறம் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரு வரிசை கீழ. ஆங். ரவுண்டா வெக்காத. ஓரம் கேஸ் கட்டிங் பண்ண தகடு மாரி வளைஞ்சி வளைஞ்சி போவும்." அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். "வாய் ஓரத்துல வலது பக்கம், அங்கருந்து மோவாய் வரிக்கும். நடுவுல ஒரு எடத்துல மட்டும் பழைய கலரு அப்டியே கீது, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. அத வுட்டுடு. இடது புருவத்துல மூணு முடி வெளுத்துகீது. அது உன் பிளாக்குல வராது, இல்ல?"

"வராதுண்ணா" என்றாள் எழில். "அக்காதான் மொகத்த காட்டவே மாட்டாங்க போல கீதே, உங்களுக்கு எப்டி இவ்ளோ தெரியும்?"

"காட்ட மாட்டா. சாப்புடும்போதுகூட செவுத்தப் பாத்துதான் உக்காருவா. விடிகாலைல எனக்கு முன்னாடி எய்ந்து பவுடர் பூசிக்கினு வந்து திரும்பிப் படுத்துக்குவா. நான் அதுக்கும் முன்னாடியே முழிச்சிக்கினு இருப்பேன். தூங்கறேன்னு நெனச்சிக்கினு கீறா." அவர் ஒரு வெளிர் பிளாக்கை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினார். "பதினோரு வருசமா தெனமும் பாக்கறேன். எனக்கு அந்த மொகத்த பாக்கணும் போல கீது, பாக்கறேன். அதுல இன்னா கீது?"

சமையலறையில் தண்ணீர் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

எழில் தலை நிமிராமல் வைத்துக்கொண்டே போனாள். நான் நிறம் எடுத்துக் கொடுத்தேன். கண்ணீர் மறைத்ததில் இரண்டு முறை தப்பான நிறத்தைக் கொடுத்தேன், அவள் என் கையில் திருப்பி வைத்தாள். பலகையில் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தார். சிரிப்பு அதேதான். இப்போதுதான் அது அவர் முகத்தில் உட்கார்ந்தது.

"அப்புறம் கழுத்துல ஒண்ணு கீது" என்றார் லோகநாதன். "வலது பக்கம், சங்கிலி ஒரசற எடத்துல. போன ஆடில வந்துச்சு. அதோட முடிஞ்சிது."

"முடியல."

சொக்கம்மாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் குரல் கறாராக இருந்தது. "கழுத்துல ரெண்டு. இடது காதுக்குக் கீழ ஒண்ணு கீது. தை மாசம் வந்தது. அந்தப் பக்கம் நீ பாக்கறதே இல்ல."

லோகநாதன் பேந்தப் பேந்த விழித்தார். அகப்பட்டுக்கொண்டவர் முகம். "நீ அந்தப் பக்கமா சாஞ்சி படுக்கற. எப்டி பாக்கறது?" என்றார்.

சொக்கம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழுகிற இடமாகப் பார்த்து, எழிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். காதோரம் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் கழுத்தைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்து வை மா" என்றார்.

எழில் பார்த்து வைத்தாள்.